மறு: ‘ஸேதி’க்குத் தமிழ்ச் சொல்: சயித்தம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் பகோடா எனப்படும் பௌத்தத் தொழுமேட்டைப் பர்மியர் ஸேதி என்கிறார்கள். நம் கையேட்டில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடலாம் என்ற கேள்விக்கு இது என் மறுமொழி.

> பகோடா என்றால் பலகாரம்தான் நினைவுக்கு வரும். கோபுரம் என்றே போட்டுவிடலாமே?

பகோடா வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கோபுரம் பொருந்தாது ஐயா. கோபுரம் வாயில், அதைக் கடந்துதான் சாமியிடம் போகிறோம். யாங்கோனின் பெரிய ஸேதியான ஷ்வேடகோன், உள்ளே அறையில்லாமல் செங்கல்லால் கெட்டியாக எழுப்பி மேலே பொன் வேய்ந்தது. வலம் வருவதே அங்கே வழிபாடு. ஊரிலிருந்து வருகிறவர்கள் கருவறையைத் தேடி நிற்பதை யாங்கோனில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! கையேட்டில் கோபுரம் என்று அச்சிட்டால் அந்தக் குழப்பத்தை நாமே வளர்ப்போம்.

என் பரிந்துரை சயித்தம். பர்மியரின் ஸேதி, பாலியின் சேதியம், வடமொழிச் சைத்தியம் எல்லாம் ஒரே சொல்தான். அடுக்குதல், குவித்தல் என்று பொருள்படும் ‘சி’ என்ற வேருக்கு அது போகிறது. நாம் பிணத்துக்கு அடுக்கும் சிதையும் அந்த வேரில் வந்ததே. ஈமத்தீ அவிந்தபின் எஞ்சியதை வைத்துக் குவித்த மேடு தொழும் இடமாயிற்று. புத்தரின் எலும்புகளை எட்டுப் பங்காக்கி மேடுகள் எழுப்பினார்கள் என்றுதான் பாலி மரபும் சொல்கிறது.

இந்தச் சொல்லை நாம் புதிதாகச் செய்யவும் வேண்டாம். வஞ்சியில் கோவலனின் முன்னோன் எழுப்பியதை மணிமேகலை ‘வாலொளிச் சயித்தம்’ என்கிறது. வடசொல் என்று தயங்குகிறவர்கள் பர்மாவின் பழைய தலைநகரான பாகனின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். அங்கிருந்த பெருமாள் கோயிலை அது ‘நானாதேசி விண்ணகர்’ என்கிறது. விஷ்ணுகிருகம் விண்ணகர் ஆனதுபோலத்தான் சைத்தியம் சயித்தம் ஆயிற்று. இந்த மண்ணிலேயே நம் வணிகர் கல்லில் வெட்டிவைத்த வழக்கம் இது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

தாதுகோபம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும். பௌத்தர் சேதியத்தை நான்காகப் பிரிக்கிறார்கள்: எலும்பு முதலான தாது உள்ளது, புத்தர் பயன்படுத்திய பொருளுக்கானது (போதி மரமும் இதில் அடங்கும்), மறைநூல் வைத்தது, அவரை நினைத்து எழுப்பியது. தாதுச் சயித்தம், பரிபோகச் சயித்தம், தம்மச் சயித்தம், உத்தேசச் சயித்தம் என்று நான்குக்கும் ஒரே அடிச்சொல் இடம் கொடுக்கிறது. பாகனின் ஆனந்தாபோல உள்ளே நடந்து போகக்கூடியவற்றைக் கோயில் என்றே எழுதலாம்.

அடுத்தது ஸேதியின் உச்சியிலுள்ள ‘ஹ்தீ’. 1871இல் பர்மிய மன்னர் மிண்டோன் ஷ்வேடகோனுக்கு அனுப்பினாரே, அது. நம் சொற்பட்டியலில் அதற்குக் ‘கலசம்’ என்று இருக்கிறது. பர்மிய மொழியில் ஹ்தீ என்றாலே குடைதான். குடை என்றே மாற்றிவிடலாமா?

அன்புடன்,
யாங்கோனிலிருந்து