மறு: ‘அரணுறைவு’ – கட்டா, உறைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘immunothrombosis’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் சில நாள்களாகத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கருத்தை எங்கல்மான், மாஸ்பெர்க் என்னும் ஆய்வாளர்கள் 2013இல் முன்வைத்தார்கள். சிறு குருதிநாளங்களுக்குள் உண்டாகும் உறைவு எல்லா வேளையிலும் கோளாறன்று, நுழைந்த கிருமியை நுழைந்த இடத்திலேயே மடக்குவதற்கு உடல் தானே செய்துகொள்ளும் ஏற்பாடாகவும் அது இருக்கலாம் என்பது அவர்கள் கூற்று. மார்த்தாண்டத்து ஆசிரியர் ஐயா தந்த ‘நோயெதிர்ப்பு இரத்த உறைவு’ என்பதை நான் ஏற்கத் தயங்குவது அதன் நீளத்துக்காக அன்று. நோயெதிர்ப்பு பிறழ்ந்ததால் வந்த உறைவு என்றே படிப்பவர் அதற்குப் பொருள்கொள்வார். ‘எதிர்ப்புறைவு’ என்று சுருக்கினாலோ, உறைவை எதிர்ப்பது என்று நேர்மாறாகிவிடும்.

நாகர்கோவிலில் செவிலியர் பாடம் நடத்தும் அக்கா ‘காப்புக்கட்டு’ என்றார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் நம் ஊர்களில் அது கோயில் கொடையின் தொடக்கச் சடங்கு. மேலும், காலை இடித்துக்கொண்டவர் ‘ரத்தம் கட்டியிருக்கு’ என்று சொல்வது தோலுக்கடியில் கசிந்த குருதியைத்தான். நாளத்துக்குள் நிகழும் உறைவுக்கு அதே வினையை வைத்தால் மருத்துவமனையில் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே ‘அரணுறைவு’ என்று முன்மொழிகிறேன். கோட்டைக்குள் குடியிருத்தல் என்று இதைப் பிரித்து, பத்மநாபபுரம் கோட்டைக்குள் வாழ்பவர்களைச் சொல்கிறீர்களா என்று யாரேனும் கேட்கக்கூடும் என்பது எனக்கும் தெரியும். முதன்முறை ஆளும்போது ‘குருதி அரணுறைவு’ என்று எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

உறைவு என்னும் சொல்லை நான் விட மறுப்பதற்குக் காரணம் எங்கள் குலசேகரத்துத் தோட்டங்களில் இருக்கிறது. விடியுமுன் ரப்பர் மரத்தில் வெட்டிய கீற்றிலிருந்து சிரட்டைக்குள் சொட்டும் பால் சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். கீற்றில் காய்ந்து கிடக்கும் நாடாவை மறுமுறை வெட்டும்போது உரித்தெடுத்து ஒட்டுப்பாலோடு சேர்ப்பார்கள். அந்தப் பாலிலுள்ள ஹெவெயின், 43 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். அது ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து வெட்டுவாயை அடைக்க உதவுகிறது. பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினைப் பற்றி அதன் வளர்ச்சியையும் தடுக்கிறது. அடைப்பதும் காப்பதும் ஒரே புரதத்தின் வேலையாக இருப்பதை நாள்தோறும் பார்த்தும் நாம் அதைப் ‘பால் உறைதல்’ என்று மட்டுமே சொல்லிவந்திருக்கிறோம்.

நம் குருதியிலும் நிலைமை இதற்கு வெகுதூரமில்லை. மோனோசைட்டு என்னும் வெள்ளணு, கிருமியை உணர்ந்ததும் திசுக்காரணி என்னும் புரதத்தைத் தன் மேற்பரப்பில் ஏற்றி உறைதல் தொடரைத் தொடங்கிவைக்கிறது. நியூட்ரோஃபில் என்னும் மற்றொரு வெள்ளணு தன் டி.என்.ஏ. இழைகளையே வலையாக வெளியே வீசுகிறது. 2004இல் விவரிக்கப்பட்ட இந்த வலையில் கிருமிகளும் தட்டணுக்களும் சேர்ந்து சிக்குகின்றன. திராம்பின் என்னும் உறைதல் நொதி, குருதியில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் புரதத்தை வெட்டி ஃபைப்ரின் இழையாக்குவதோடு நில்லாமல், செல்களின் மேலுள்ள ஏற்பிகளையும் வெட்டி அழற்சியைத் தூண்டுகிறது.

வைரசுக்கு வரும்போதுதான் சொல்லைப் பற்றிய கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அடினோ வைரசின் ஐந்தாம் வகை குருதிக்குள் வந்தால், உறைதல் தொடரின் பத்தாம் காரணி அதன் ஓட்டிலுள்ள ஹெக்சான் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளின்படி, இந்த ஒட்டுதல் வைரசைக் கல்லீரல் செல்களுக்குள் கொண்டுசேர்க்கிறது, எதிர்ப்பொருள்களின் தாக்குதலிலிருந்து மறைக்கவும் செய்கிறது. ஆனால் அதே ஒட்டுதல்தான் உடலின் அபாய உணரிகளையும் எழுப்பிவிடுகிறது. வந்தவனுக்கு வழிகாட்டுவதும் அவனைக் காட்டிக்கொடுப்பதும் ஒரே புரதம் என்பதால், ‘பாதுகாப்பு’ என்று முடிவாகச் சொல்லிவிடும் முன்னொட்டு எதுவும் இங்கே பொருந்தாது. அரண் என்பது காப்பதற்காக எழுப்பியது என்று மட்டுமே சொல்கிறது. அது வீழவும் கூடும், உள்ளிருப்பவரைப் பட்டினி போடவும் கூடும்.

அந்தப் பட்டினியை 2021இல் கொரோனாக் காலத்தில் நாம் கண்டோம். நுரையீரலின் நுண்நாளங்கள் உறைவால் அடைபட்டதைக் கண்காணிக்கத்தான் டி-டைமர் என்ற சொல் ஆய்வுக்கூடச் சீட்டிலிருந்து நம் வீட்டு முற்றம்வரை வந்தது. குறுக்கே பிணைந்த ஃபைப்ரின் சிதையும்போது கிடைக்கும் துண்டு அது. நல்ல தமிழ்ச்சொல் ஆயத்தமாக இல்லாததால் அப்படியே நிலைத்தும்விட்டது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொரோனா வைரசைச் சூழ்ந்துள்ள கொழுப்புப் படலத்தையும் நாம் ‘உறை’ என்றே எழுதிவருகிறோம். ‘உறையுள்ள வைரசால் தூண்டப்பட்ட அரணுறைவு’ என்று ஒரே தொடரில் வந்தால் மாணவர் தடுமாறுவார். அங்கே ‘போர்வையுள்ள வைரசு’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆசிரியர் ஐயா இதை எப்படிப் பார்க்கிறார் என்று அறிய விரும்புகிறேன். எல்லை மீறி நோயாகிவிட்ட நிலைக்குப் ‘பிறழ் அரணுறைவு’ என்பதைத் தனியாக வைத்திருக்கிறேன். அக்கா தம் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, மாணவிகள் எந்த இடத்தில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.