14 அடி ரேஸ் போர்டு: 23 அங்குலமா, 26 அங்குலமா?

புதுத்துடுப்பு:
வணக்கம். இவ்வளவு நாள் காற்றடைக்கும் போர்டில் நின்று துடுப்பு போட்டேன். 12 அடி 6 அங்குல நீளம், 30 அங்குல அகலம். இப்போது கெட்டியான 14 அடி ரேஸ் போர்டு வாங்கப் பார்க்கிறேன். என் எடை 82 கிலோ. பயிற்சி ஏரியில், போட்டிகளில் பாதி கடலில். நண்பரின் 23 அங்குல போர்டு ஏரியில் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு மோட்டார் படகு கடந்துபோனதும் முழங்கால் வெடவெடத்துவிட்டது. 23 வாங்கிப் பழகிக்கொள்ளலாமா, இல்லை 26-தானா?

நீர்க்காகம்:
கால் ஆடியபோது துடுப்பு என்ன செய்தது? தண்ணீரை இழுத்ததா, பக்கத்தில் தட்டி ஊன்றியதா? யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

புதுத்துடுப்பு:
எடுத்தேன். பக்கம் மாற்றும்போதெல்லாம் ஒரு தட்டு! சிற்றலை வந்தால் இன்னும் அதிகம்.

நீர்க்காகம்:
அப்போ அந்த 23-இன் வேகம் உங்கள் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு தட்டும் வீணாய்ப்போன ஓர் இழுப்பு. சமநிலைக்கே கால் சக்தி போய்விட்டால் போட்டியின் பிற்பாதியில் இடுப்பை வளைத்து இழுக்கவும் முடியாது. தட்டாமல் இழுக்க முடிகிற அகலங்களில் குறுகலானதுதான் உங்களுக்கு வேகமான போர்டு. ஏரியை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடலை வைத்துச் செய்யுங்கள்.

சிற்றலை:
நான் 24 சொல்வேன். சில வாரத்தில் கால் பழகிவிடும்.

நீர்க்காகம்:
ஏரியில் பழகும், சரி. பக்கவாட்டு அலையில் மிதவையைச் சுற்றப் பின்னங்காலை வால் பக்கம் வைத்துத் திரும்பும்போதுதான் தெரியும்.

உப்புக்காற்று:
அகலத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நிற்கும் இடம் பள்ளமாக வெட்டிய போர்டில் கால் நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கும். அதனால் 25 அங்குலமே மேடான தளமுள்ள 26 போல அசையாமல் நிற்கும். ஆனால் அலை ஏறினால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். வடிகால் துளைகள் பெரிதா என்று பாருங்கள்.

அடுத்தது முனை. தட்டைநீர் போர்டுக்குக் கூரிய முனை, அடியில் வளைவு குறைவு. அமைதியான நீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும். கடலில் பின்னலை தள்ளும்போது அதே முனை முன்னலையின் முதுகில் குத்தி இறங்கும், ஆள் முன்னால் விழுவார். காற்றோடு அலையேறி ஓடும் போர்டுக்கு முனை தூக்கியிருக்கும். அது குத்தாது, ஆனால் தண்ணீரைத் தொடும் நீளம் குறைவதால் ஏரியில் மந்தம். உங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள, எல்லா நீருக்குமான வகை போதும். ஒரே போர்டுதான் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

புதுத்துடுப்பு:
ஃபின், அதாவது போர்டுக்கு அடியில் இருக்கும் செதில், மாற்றினால் 23-இன் ஆட்டம் குறையுமா?

உப்புக்காற்று:
ஆழமான ஃபின் போட்டால் கொஞ்சம் அடங்கும், ஆனால் இழுவை கூடும், திரும்புவதும் கடினம். அகலக் குறையை அது ஈடுகட்டாது. போர்டின் கன அளவு எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். உங்கள் எடைக்குத் தேவையானதைவிடக் குறைவாக இருந்தால் போர்டு அமுங்கி, அலை மேலே ஏறும்.

புதுத்துடுப்பு:
சரி, பள்ளத்தளம் உள்ள 25, எல்லா நீருக்குமானது. ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன்.

நீர்க்காகம்:
புத்துணர்ச்சியோடு ஏறாதீர்கள். பயிற்சி முடிந்து கால் ஓய்ந்த பிறகு, காற்று அடிக்கும் நேரத்தில் ஏறுங்கள். கால் கயிறு கட்டாமல் வேண்டாம். ஆள் விழுந்தால் 14 அடி போர்டு காற்றோடு போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது.