மூன்றாவது குழாயில் விலகி ஓடும் நாய்

கேள்வி (உவர்மலைவாசி):
எங்கள் நாட்டுநாய்க்குப் பத்து மாதமாகிறது. வளவில் இரண்டு சீமெந்துக் கற்களின் மேல் தும்புத்தடியை வைத்தால் உற்சாகமாகப் பாய்கிறது. ஆனால் ஆறு பிவிசி குழாய்களை நட்டு அவற்றினூடாக வளைந்து ஓடப் பழக்கினால், மூன்றாவதைக் கடந்ததும் விலகி, என் கையிலுள்ள கோழி ஈரலை நோக்கி ஓடிவந்துவிடுகிறது. பிழை யாரில்? தடியை இன்னும் உயர்த்தலாமா?

பதில் (நிலாவெளியான்):
உயர்த்த வேண்டாம். பத்து மாதத்தில் எலும்பு முனைகளின் வளர்ச்சி முடிந்திராது, எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் அஜிலிட்டி (நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும்) போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாயைச் சேர்ப்பதே இல்லை. கால் பட்டவுடன் தடி விழ வேண்டும், கட்டிவைத்திருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

குழாய்களுக்கிடையே 60 சென்றிமீற்றர் இருக்கட்டும். ஒன்றுவிட்டொன்றை இடமும் வலமுமாக நகர்த்தி, நடுவே நாய் நேராக ஓடக்கூடிய ஓர் ஒழுங்கையை உண்டாக்கி, அது தயங்காமல் ஓடத் தொடங்கிய பின்னரே நாளுக்குச் சிறிதளவாக அந்த ஒழுங்கையை ஒடுக்கிவாருங்கள். முதற்குழாய் எப்போதும் நாயின் இடத்தோளின் பக்கம் வர வேண்டும்.

பதில் (திருக்கடலூர் அக்கா):
பிழை ஈரலில்தான் தம்பி! அது உங்கள் கையில் இருக்கும்வரை நாயின் கண்ணும் அங்கேதான் இருக்கும். வரிசையின் முடிவில் ஒரு சிரட்டையில் வையுங்கள். கடைசிக் குழாயைக் கடக்கும் அதே கணத்தில் "சரி" என்று சொல்லுங்கள். சொல்லுமுன் கை பொக்கற்றுக்குள் போனால், நாய் கேட்பது சொல்லை அல்ல, கையைத்தான்.

இன்னொன்று: கச்சான் என்ற சூடான தென்மேல் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்குப் பின் பழக்காதீர்கள். மூச்சிளைத்துத்தான் நாய் தன் சூட்டைத் தணிக்கிறது. நாக்கு அகன்று தொங்கி, கொடுத்த ஈரலையும் வாங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். உப்புவெளிக் கடற்கரைக்குப் போனால் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கடல்நீரைக் குடித்து வாந்தி எடுத்த நாயை நான் தூக்கி வந்திருக்கிறேன். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். அங்கே மான்களைக் கண்டால் உங்கள் "சரி" காற்றோடு போய்விடும்.

உவர்மலைவாசி:
நன்றி அக்கா. சிரட்டையை வைத்தேன், குழாய்களை விட்டுவிட்டு நேரே சிரட்டைக்கு ஓடிவிட்டது.

திருக்கடலூர் அக்கா:
சிரட்டைக்குப் பக்கத்தில் வீட்டார் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். குறுக்கே வந்தால் அவர் கையால் மூடட்டும், ஒழுங்கையால் வந்தால் திறக்கட்டும்.