ராத்திரில ஆங்கிள் காக் ஒடஞ்சு வீடெல்லாம் தண்ணி, டேங்க் வால்வும் திரும்பல, என்ன பண்ணிருக்கணும்?

அழகாபுரம் வீடு:
வீடு கட்டி பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க. முந்தாநேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மாடி பாத்ரூம் ஆங்கிள் காக், அதான் செவுத்துக் குழாய்ல மாட்டற சின்ன வால்வு, செவுத்தோட ஒடஞ்சு விழுந்துடுச்சு, மரை பாதி உள்ளயே நின்னுக்கிச்சு, தண்ணி எதிர் செவுத்துல போய் அடிக்குது. மொட்டை மாடிக்கு ஓடி டேங்க்கோட கேட் வால்வ (உள்ள தகடு எறங்கி மூடறது) திருகுனா உப்பு புடிச்சு அசையவே இல்ல, பிளேயர் போட்டு பலமா திருகுனதுல தலை மட்டும் சுத்துது, தண்ணி நிக்கல. கடைசில கீழ இருக்கற எல்லா குழாயையும் தொறந்துவிட்டு 1000 லிட்டர் டேங்கையும் காலி பண்ணுனோம். காவேரி தண்ணி எங்க தெருவுக்கு தெனமும் வராதுங்க, அது சாக்கடைல ஓடறத பாத்து அம்மா படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டாங்க. கீழ ஹால் லைட் வழியா வேற சொட்டுச்சு. இனி என்ன மாத்தணும், சொல்லுங்க.

குகைக்காரன்:
லைட் வழியா சொட்டுச்சுன்னா மொதல் வேலை மெயின ஆஃப் பண்றது, வால்வு அப்புறம். கெய்சரும் அதோட ஆஃப் ஆயிடும், தண்ணி இல்லாம காயில் எரியாது. வால்வு மூடலன்னா டேங்க்குள்ளயே அடைக்கலாம்ங்க, பழைய துண்ட பாலிதீன் கவர்ல சுருட்டி பைப்ப விட பெருசா பந்து மாதிரி கட்டி, கயிறும் கட்டி, அவுட்லெட் ஓட்டைல வெச்சு அமுத்துனா தண்ணி அழுத்தமே அத புடிச்சுக்கும். கை எட்டலன்னா ஒட்டடைக் குச்சியால தள்ளுங்க, இருட்டுல டேங்க்குள்ள எறங்கிடாதீங்க. எங்க வீட்ல இப்படித்தான் ஒரு ராத்திரிய ஓட்டுனோம்.

ஏற்காடு மலைவீடு:
ஒடஞ்ச எடத்துல துணி சுத்துன மரக்கட்டைய அடிச்சு சொருகறதும் உண்டு, ஆனா எங்க மலைல அது நிக்காதுங்க. எங்க டேங்க் மேட்டுல, வீட்டுக்கும் அதுக்கும் 30 மீட்டர் உயரம் இருக்கு, பத்து மீட்டருக்கு ஒரு கிலோ பிரஷர்னு வெச்சா மூணு கிலோ, கட்டை துப்பாக்கி குண்டு மாதிரி திரும்பி வந்துச்சு. மழைல மேட்டுக்கு ஓடி மூடறதும் ஆகற காரியமில்ல. அதனால ஒவ்வொரு பாத்ரூமுக்கு வெளியவும் தனி வால்வு போட்டுட்டோம், ஒரு பாத்ரூம மூடுனாலும் சமையல்கட்டுல தண்ணி வரும்.

கொண்டலாம்பட்டி பிளம்பர்:
இருபது வருஷமா இந்த வேலைதாங்க. நம்ம ஊரு போர் தண்ணிக்கு கேட் வால்வு சரிப்படாது, மரைலயும் தகட்டுலயும் உப்பு ஏறி இறுகிக்கும். உள்ள உருண்டை இருக்கற பால் வால்வு போடுங்க, கால் சுத்து திருப்புனா மூடிரும், ரெண்டு பக்கமும் யூனியன் (கழட்டி மாட்டற இணைப்பு) வெச்சா பைப்ப அறுக்காமலே கழட்டலாம். ஆனா அதையும் மாசம் ஒருவாட்டி மூடித் தொறக்கணும், சும்மா விட்டா அதுவும் இறுகும். ஆங்கிள் காக்க கைல தூக்கி பாத்து வாங்குங்க, லேசா இருந்தா பித்தளை கம்மி, உங்களுது அப்படித்தான் ஒடஞ்சிருக்கும். உள்ள நிக்கற ஒடஞ்ச மரைய ஆக்சா பிளேடால உள்பக்கத்துலேர்ந்து நீளவாக்குல ஒரு வெட்டு போட்டு, ஸ்க்ரூட்ரைவரால உள்பக்கம் நெளிச்சா வந்துரும், அத சுத்தி செவுத்துல இருக்கற வெளி மரைல பிளேடு படாம பாத்துக்கோங்க, அது போச்சுன்னா டைல்ஸ ஒடைக்கணும். குழாய் வாய அடைக்கற அரை இஞ்ச் டம்மி ரெண்டு, டெஃப்லான் டேப் ஒண்ணு வீட்ல வெச்சுக்கோங்க. ஓட்டை அடைக்கற எம்சீல் பசைய நம்பாதீங்க, தண்ணி பீச்சி அடிக்கற எடத்துல ஒட்டாது.

அழகாபுரம் வீடு:
ரொம்ப நன்றிங்க. மரை டைல்ஸ் ஒடைக்காமலே வந்துடுச்சு. பழைய கேட் வால்வ கழட்டி பாத்தா தண்டு தனியா சுத்துது, தகடு மேலயே உப்போட ஒட்டிக்கிட்டு கெடக்குது. டேங்க் அடில பால் வால்வு, மாடி கீழ ரெண்டு பாத்ரூமுக்கும் வெளிய ஒண்ணொண்ணு. அம்மாவ கூட்டிட்டுப் போயி திருப்பச் சொன்னேன், ஒத்தக் கையால மூடிட்டாங்க.