மெனு எல்லாம் சிங்களமாகிவிட்டது, அவசரம்

அட்டன்வாசி:
நேற்று வரை ஒழுங்காக இருந்தது. இன்று திறந்தால் மெனு முழுக்கச் சிங்களம். எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. நாளைக்குப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுக்கணும், தோட்டத்து ஆட்கள் ஆறு பேர் கடையில் காத்திருக்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

கொழுந்து84:
எதன் மெனு, அண்ணே? வேர்டா, லிப்ரே ஆபிஸா, விண்டோஸே மாறிவிட்டதா?

பண்டாரவளைத் தம்பி:
வைரஸ்தான். ஃபார்மட் அடித்தால் சரி.

கொழுந்து84:
வைரஸ் சிங்களம் படித்துக்கொண்டா வருகிறது? அவர் பதில் சொல்லட்டும், பொறுங்கள்.

பழையகை:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். மெனு மொழி வேறு, தட்டச்சு மொழி வேறு, எழுத்துரு வேறு. இது தெரியாமல் மும்மொழிக் கடிதம் எழுதிக் கொடுக்கக் கடை எதற்கு? என்ன மென்பொருள் என்றாவது எழுதலாமே.

அட்டன்வாசி:
லிப்ரே ஆபிஸ், விண்டோஸ் 10. தங்கச்சியும் இதே கணனியில்தான் வேலை செய்கிறாள். அவள் படித்தது சிங்கள மீடியம். சொல்ல மறந்துவிட்டேன்.

கொழுந்து84:
அப்போ வைரஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது!
சரி. லிப்ரே ஆபிஸில் கடிதம் எழுதும் ரைட்டரைத் திறந்து, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப்12 அழுத்துங்கள். அமைப்புகள் பெட்டி திறக்கும். வாசிக்கத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். இடப்பக்கப் பட்டியலில் மேலிருந்து மூன்றாவதை விரித்து, அதன் கீழ் முதல் வரியைத் தட்டுங்கள். வலப்பக்கம் முதலில் இருக்கும் பெட்டிதான் மெனு மொழி. தமிழைத் தெரிவுசெய்து, மூடித் திறவுங்கள். பட்டியலில் தமிழே இல்லையா? அப்படியென்றால் நிறுவும்போது சேர்க்கவில்லை. இன்ஸ்டோலரை மறுபடி ஓட்டி, இடைமுக மொழிகளில் தமிழைச் சேர்க்கணும்.

பண்டாரவளைத் தம்பி:
பாமினி எழுத்துரு போட்டால் இந்த வில்லங்கமே இல்லை.

பழையகை:
பாமினிக்கும் மெனுவுக்கும் என்ன சம்பந்தம்? அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்திய பழைய எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்து எழுத்துருவை மாற்றிப் பாரும்: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. செயலகத்தில் இதையா வாசிக்கச் சொல்கிறீர்?

பண்டாரவளைத் தம்பி:
இருபது வருசம் பழகிய விரல், ஐயா.

கொழுந்து84:
விரலை மாற்ற வேண்டாம், தம்பி. ரெங்கநாதன் விசைப்பலகையில் யுனிகோட் அடியுங்கள், எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். எழுத்துகள் ஏறக்குறைய பாமினியில் இருந்த அதே இடத்தில்தான். 2008ல் வந்த எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரத்தில் இருப்பதும் அதுதான்.

தலவாக்கலையான்:
தமிழ்99 விசைப்பலகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லையா?

பழையகை:
அது 1999ல் சென்னையில் முடிவானது. இங்கே எத்தனை கடையில் பார்த்தீர்?

தலவாக்கலையான்:
என் கடையில்.

அட்டன்வாசி:
வந்துவிட்டது, மூன்றாவது வரிதான்! இப்போது தங்கச்சி சண்டைக்கு நிற்கிறாள், அவளுக்குச் சிங்கள மெனுதான் வேண்டுமாம்.

கொழுந்து84:
அந்தத் தெரிவு விண்டோஸ் பயனர் கணக்கோடு ஒட்டியது. தங்கச்சிக்குத் தனிக் கணக்குத் திறந்துவிடுங்கள், ஆளுக்கொரு மொழி.

பண்டாரவளைத் தம்பி:
ஆறு கடிதமும் முடிந்ததா, அண்ணே?

பண்டாரவளைத் தம்பி:
அண்ணே?