பதில்: பிரண்ட் ஃபிளிப்பருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> பிரண்ட் என்றால் முன், ஃபிளிப்பர் என்றால் சுண்டி. 'முன்சுண்டி' என்று வைத்துவிடலாமே?

அன்பர்களுக்கு வணக்கம்.

பிரண்ட் ஃபிளிப்பர் என்பது அலகின் அடியில் துருத்தும் பகுதியை விரலால் சுண்டித் திறக்கும் ஒருவகை மடக்குக்கத்தி. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குப் பெயர் வைக்கையில் சுண்டுவது சரி, 'முன்' வேண்டாம் என்பது என் கருத்து. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கைசர் நிறுவனம் செய்யும் ஃபைஸ்ட் என்ற இந்த வகைக் கத்தி ஒன்று நான்கு மாதமாக என் சட்டைப்பையில் இருக்கிறது.

மூடிய கத்தியை, அலகு சுழலும் அச்சாணி மேலே வரும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். அச்சாணிக்கும் மேலே அலகின் அடிப்பகுதி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். விரல் வழுக்காமல் இருக்க அதில் அரம்போலக் கீறல் போட்டிருப்பார்கள். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து, பிடியின் முதுகுப் பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் அலகு அரைவட்டம் சுற்றி 'டக்' என்று வந்து நிற்கும். இப்போது அந்தத் துருத்தல் எங்கே என்று பாருங்கள். அதுவும் அலகோடு சேர்ந்து அரைவட்டம் சுற்றி, பிடியின் முதுகில் வந்து படுத்திருக்கும். வெட்டும்போது கட்டைவிரலை ஊன்ற அதுதான் இடம். மூடியிருக்கையில் முன்னால் இருந்தது, திறந்ததும் பின்னால் போய்விடுகிறது. பாதி நேரம் பொய்யாகிற அடைமொழி நமக்கு எதற்கு?

'சுண்டு' பொருந்தாது, கேரம் காயை வெளியே தள்ளுவதுதான் சுண்டுவது, இங்கே விரல் உள்நோக்கி இழுக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 'சுண்டி இழுப்பது' என்று நாம் சொல்வதில்லையா? மூக்கணாங்கயிற்றை வண்டிக்காரர் சுண்டி இழுப்பதும் இதே வெடுக்குதான். வலு வேண்டாம், வெடுக்கு வேண்டும். மெதுவாக இழுத்தால் இந்தக் கத்தி பாதியில் நின்றுவிடும். திறந்த அலகு மடங்காமல் தாங்கும் பூட்டுத் தகட்டில் பதித்த சிறு குண்டு, அலகிலுள்ள குழியில் உட்கார்ந்து அதைப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி விடும் நொடியில்தான் அலகுக்கு வேகம் கிடைக்கிறது. முதல் வாரம் எனக்குத் திறக்கவே இல்லை. கத்தியில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மற்ற விரல்களால் பூட்டுத் தகட்டையே அழுத்திப் பிடித்திருக்கிறேன்! அழுத்த அழுத்தக் குண்டு குழிக்குள் இன்னும் இறுகும். விரலைத் தகட்டிலிருந்து நகர்த்தினேன், பறந்து திறந்தது. அன்றைக்கு வீட்டில் நூறு தடவையாவது திறந்து மூடியிருப்பேன்.

'தெறிகத்தி' என்ற முன்மொழிவு ஓசைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'தெறி' என்றதும் உள்ளே வில் (ஸ்பிரிங்) இருப்பதாகத் தோன்றும். வில் வைத்த கத்திக்கு 'வில்லுக்கத்தி' என்ற சொல் ஏற்கனவே நம்மிடம் உண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் விசைக்கத்திகளை, அதாவது பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளை, கட்டுப்படுத்துகிறது. மூடிய நிலையிலேயே பிடித்துவைக்கும் அமைப்பு இருந்து, கையால் முயன்று திறக்க வேண்டிய கத்திகளுக்கு 2009இல் அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடித்துவைக்கும் அமைப்பில் நான் சொன்ன குண்டும் குழியும் அடங்கும். அங்கே சட்டமே பிரித்துப் பார்ப்பதை நம் சொல்லும் பிரித்துக் காட்டட்டும்.

'முன்'னுக்குப் பதில் நான் சொல்வது 'வால்'. பழைய சவரக்கத்தியை நினைத்துப் பாருங்கள். மடக்கி வைத்தாலும் அச்சாணிக்கு அப்பால் அலகின் வால் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரலை அதில் கொடுத்துத்தான் திறப்பார்கள். சவரம் செய்யும்போது சுண்டுவிரல் அந்த வாலில்தான் அமர்ந்திருக்கும். ஜப்பானில் மிக்கி நகரத்தில் 1890களிலிருந்து செய்துவரும் ஹிகோனோகாமி என்ற மடக்குக்கத்தியிலும் இதே வால்தான். அதில் பூட்டு கிடையாது. திறந்தபின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். இன்று சீனாவின் யாங்ஜியாங் நகரப் பட்டறைகள் பேரிங் வைத்து வழவழவென்று சுழல விடுவது, அந்தப் பழைய வாலைக் குட்டையாக வெட்டிய வடிவத்தைத்தான். மூடினாலும் திறந்தாலும் அலகின் வால் வால்தான்.

ஆக: வால்சுண்டி.

---

> வால் அருமை. 'சுண்டி'தான் இடிக்கிறது. சித்த மருத்துவ நூல்களில் சுண்டி என்றால் சுக்கு. நீர்ச்சுண்டி என்று ஒரு செடியும் உண்டு. தவிர சுண்டுவிரல், சுண்டெலி என்றெல்லாம் வருவதால் 'சிறிய' என்ற பொருளும் தலைகாட்டும். வாற்சுண்டி என்றுதானே புணர வேண்டும்?

---

ஐயா, சுக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மருந்துச் சொற்பட்டியலும் நம்மிடமே இருப்பதால் மோதல் வரத்தான் செய்யும். 'சுண்டி'யைக் கைவிடுகிறேன். வினைத்தொகையாக 'சுண்டுகத்தி' என்று வைத்தால் சிக்கல் தீரும். இடையில் க் மிகாது. சிறிய என்ற பொருள் எட்டிப்பார்த்தால் பார்க்கட்டும், சட்டைப்பையில் அடங்கும் கத்திதானே.

வாற்சுண்டு என்பது இலக்கணப்படி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கத்தி வாங்க வந்த இளைஞர் அதைப் படித்தால் வாலைப் பார்க்க மாட்டார். பாற்சோறு என்று எழுதத் தெரிந்த நாமே பேசும்போது பால்சோறு என்றுதான் சொல்கிறோம். சொல்லிலும் வால் வெளியே தெரியட்டும்.

சாதாரண ஃபிளிப்பரில் பிடியின் முதுகில் கொம்புபோல ஒன்று நீட்டிக்கொண்டு பையைக் கிழிக்கும். திறந்ததும் அது கீழே சுற்றிவந்து விரலுக்குக் காப்பாக நிற்கும். அதைக் 'கொம்புச்சுண்டு கத்தி' எனலாமா? நாளை இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

சுண்டுகத்தி – அலகிலுள்ள துருத்தலை விரலால் சுண்டித் திறக்கும், வில் இல்லாத மடக்குக்கத்தி.
வால்சுண்டு கத்தி – அச்சாணிக்கு அப்பால் நீளும் அலகின் வாலைச் சுண்டித் திறப்பது.
கொம்புச்சுண்டு கத்தி – பிடியின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைச் சுண்டித் திறப்பது.