மின்ட் ஜூலெப்புக்குப் புதினா: மண்டபம், பாம்பன் பக்கம் வளர்ப்பவர்கள் உதவுங்கள்

குழுவினருக்கு வணக்கம். மின்ட் ஜூலெப் (புதினாவும் விஸ்கியும் சேர்ந்த ஐஸ் பானம்) செய்யும் கலவையில் குறை இல்லை: 60 மில்லி பூர்பன் விஸ்கி, 15 மில்லி சர்க்கரைப் பாகு (சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு), 8 முதல் 10 புதினா இலை, டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ். இலையைப் பாகோடு சேர்த்து மெதுவாக நாலு அழுத்து போதும். அரைத்துவிட்டால் பச்சைக் கசப்பு இறங்கிவிடும். பிறகு எவ்வளவு பாகு ஊற்றினாலும் போகாது. டம்ளரின் வெளிப்பக்கம் பனி படியும்வரை கலக்க வேண்டும். ஐஸுக்குக் கேன் தண்ணீர்தான் சரி. நம்ம பக்கத்துப் போர் தண்ணீரில் உறையவைத்தால், கரையக் கரைய உப்பு தெரியும்.

சிக்கல் புதினாவில்தான். கடைக்கு வரும் கட்டு வாடிக் கிடக்கிறது. வாசம் போன இலையில் இந்தப் பானமே இல்லை. தொட்டியில் வைத்தாலோ உப்புத் தண்ணீரில் இலை ஓரம் கருகுகிறது.

மழைநீரைச் சேமித்து ஊற்றுபவர்கள் யாராவது உண்டா? வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு, தொட்டியின் அடித்துளை வழியே உப்பை அலசி வெளியேற்றினால் செடி தாங்குமா? கோடையில் காலை வெயில் மட்டும் போதுமா?

அப்படியே, பனங்கற்கண்டுப் பாகு சேர்த்தவர்கள் அளவு சொல்லுங்கள். புதினா வாசத்தை அது அமுக்கிவிடக் கூடாது.